நன்ரக்கெற் தீவிலே கோடைகாலம்

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 30 மைல் தொலைவில் அத்திலாந்திக் சமுத்திரத்திலே கிடப்பது நன்ரக்கெற் தீவு. ஒருகாலத்தில் திமிங்கில வேட்டையே அதற்குச் சோறு போட்டது. பற்பல நாட்டு விளக்குகளுக்கு எண்ணெய் வார்த்த துறைமுகம் அது. 1846ஆம் ஆண்டுப் பெருந்தீ நகரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கிற்று. 1859இல் பென்சில்வேனியாவிலே நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுக்கவே, எஞ்சிய தொழிலும் நலிந்தது. பின்னர் தீவைத் தாங்கியவர் கோடை விருந்தினரே.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு நிலையாக வாழ்வோர் 14,255 பேர். யூன் பிறந்ததும் சனத்தொகை பன்மடங்காகப் பெருகும். சாம்பல் நிறப் பலகை வேய்ந்த வீடுகளின் முன்னே நீலப் பூங்கொத்துகள் மலரும். கடலோரத்திலே பிள்ளைகள் மணல்வீடு கட்டுவர். கண்கொள்ளாக் காட்சிதான்.

ஆனால் அவ்வீடுகளுட் பல குளிர்காலத்தில் பூட்டிக் கிடப்பன. சிலவற்றிலே தச்சரும் தாதியரும் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பர். கோடை வந்ததும் வாடகை ஏறும். அவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். சீட்டைக் கலைத்துப் போடுவதைக் குறிக்கும் சொல்லொன்றால் ஊரார் இதற்குப் பெயரே இட்டுவிட்டனர். விருந்தினரால் வாழும் ஊரில், விருந்து படைப்பவனுக்குப் படுக்க இடமில்லை என்பது விந்தையே.

வேறு சிலர் விடியுமுன் ஹயானிஸ் துறையிலே கப்பலேறி வந்து, வேலை முடித்து மாலையில் மீள்கின்றனர். கடல் கொந்தளிக்கும் நாளிற் கப்பல் ஓடாது. அன்று பாதி வேய்ந்த கூரை அப்படியே நிற்கும்.