காதில் தீபம் ஏற்றலாமா?



காது அரிக்கிறது. உடனே கை எதைத் தேடுகிறது? ஒருவர் கொண்டை ஊசியை எடுக்கிறார். இன்னொருவர் தீக்குச்சியை எடுக்கிறார். சாவியை விட்டுக் குடைபவர்களும் உண்டு. டில்லியில் காது குடைவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய கம்பியில் பஞ்சைச் சுற்றி, தெருவோரத்திலேயே காதைச் சுத்தம் செய்கிறார்கள்.

பெரிய நகரங்களில் இன்னொரு முறையும் வந்திருக்கிறது. அதுதான் காது மெழுகுவர்த்தி.

துணியை மெழுகில் தோய்த்துக் குழல் போலச் சுருட்டியிருப்பார்கள். சுமார் ஒரு சாண் நீளம் இருக்கும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். குழலின் ஒரு முனையைக் காதில் வைப்பார்கள். மறுமுனையில் தீ வைப்பார்கள். "சூடு காதின் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிடும். தலைவலியும் போய்விடும்" என்பார்கள்.

எரிந்து முடிந்ததும் மிச்சமுள்ள குழலைப் பிரித்துக் காட்டுவார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ இருக்கும். "பாருங்கள், எல்லாம் உங்கள் காதிலிருந்து வந்தது" என்பார்கள். பார்த்தவர் அசந்து போவார். கேட்ட பணத்தைக் கொடுப்பார்.

அது காதிலிருந்து வந்ததா? இல்லை. அதே குழலைக் காதில் வைக்காமல் தனியே எரித்தாலும் உள்ளே அதேதான் இருக்கும். அது மெழுகுவர்த்தியின் சொந்த மெழுகு!

அமெரிக்க மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். குழல் எதையும் உறிஞ்சவில்லை. காதிலிருந்து அழுக்கு வரவில்லை. மாறாக, சிலர் காதில் மெழுகு போய்ப் படிந்தது. காது மருத்துவர்கள் 122 பேரிடமும் கேட்டார்கள். காது மெழுகுவர்த்தியால் காயம் பட்ட 21 நிகழ்ச்சிகள் தெரிய வந்தன. பெரும்பாலும் தீக்காயம். 2010-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறையும் மக்களை எச்சரித்தது.

"இது அமெரிக்கப் பழங்குடியான ஹோப்பி மக்களின் பழைய வைத்தியம்" என்றும் சொல்லி விற்றார்கள். "எங்களிடம் அப்படி ஒரு வழக்கமே இல்லை" என்று ஹோப்பி மக்கள் மறுத்துவிட்டார்கள்.

சரி, காதில் இருப்பது அழுக்குதானா? அதன் பெயர் குறும்பி. காதே அதைச் சுரக்கிறது. தூசியையும் பூச்சியையும் அது தடுக்கிறது. காதின் தோலைக் காக்கிறது. காதுக்குள் தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக வளர்கிறது. வாய் மெல்லும்போது தாடையும் அசைகிறது. குறும்பி தானாகவே வெளியே வந்துவிடுகிறது. குச்சி விட்டால் அது உள்ளேதான் போகும், அங்கே அடைத்துக்கொள்ளும்.

காதின் வாயிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே செவிப்பறை இருக்கிறது. மிக மெல்லிய சவ்வு. ஊசி குத்தினாலும் கிழியும், சூடான மெழுகு விழுந்தாலும் புண்ணாகும். காது கேட்காவிட்டால் பின்னால் வரும் லாரியின் சத்தம் தெரியாது. குழந்தை அழுவது கேட்காது.

ஆகவே காதின் வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்தால் போதும். காது அடைத்தாலும், வலித்தாலும், சீழ் வந்தாலும், இரைந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மருத்துவர் விளக்கு வைத்துப் பார்ப்பார். குறும்பி அடைத்திருந்தால் சொட்டு மருந்து தருவார். தேவையானால் கருவியால் எடுப்பார். செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும். அதனால் அவரைக் கேட்காமல் எண்ணெய் ஊற்றக் கூடாது. காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2007-இல் தேசியத் திட்டம் ஒன்றையே தொடங்கியது.

விளக்கு மாடத்தில் எரியட்டும். காதில் வேண்டாம்.