புள்ளி பிறழாத படி

 

ஆவணக் காப்பில் கணிப்பொறியின் பங்கு குறித்துப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். தமிழ் பயிற்றுவிப்போர்க்குக் கணிப்பொறியில் என்ன வேலை எனச் சிலர் எண்ணலாம். இந்தக் குடுமியான்மலையே அதற்கு விடை கூறும்.

திருநலக்குன்றம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் இம்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் இசைக் கல்வெட்டு அமைந்துள்ளது. ஏழு இராகங்களுக்குரிய சுரக் கோவைகள் அதில் பொறிக்கப்பெற்றுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன் மாணவர் நலங்கருதி இதனைச் செய்வித்தான் என்பது அதன் முடிவுரை தரும் செய்தி. கற்போர்க்குப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே பொதுவிடத்தில் பொறிக்கப்பெற்ற ஆவணம் அது.

1904இல் இக்கல்வெட்டு படியெடுக்கப்பெற்றது. பின்னர்ப் பண்டார்கர் இதனை 'எபிகிராபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். இதிலுள்ள சுர எழுத்துகள் அ, இ, உ, எ என்னும் உயிர்களை ஏற்று வருகின்றன. சிலவற்றின் தலையில் புள்ளியும் உண்டு. அப்புள்ளி எதனைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். கல்லின் பழுது என்று கருதிப் படியெடுப்பவர் அதனை விட்டுவிட்டால், ஆய்வுக்கே இடமின்றிப் போகும். பொருள் விளங்காததையும் உள்ளவாறே காப்பதுதான் ஆவணக் காப்பின் முதல் அறம்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் 1,130 கல்வெட்டுகளின் மூலங்களை ஒரே நூலாக வெளியிட்டது. அன்று அச்சு செய்த பணியை இன்று கணிப்பொறி பன்மடங்காகச் செய்ய வல்லது. ஆனால் அளவை எண்ணிப் பாருங்கள். ஒரு மைப்படியை நீளத்தில் 10,000, அகலத்தில் 8,000 படப்புள்ளிகளாகப் பதிவுசெய்தால் எட்டுக் கோடிப் புள்ளிகள் ஆகின்றன. புள்ளிக்கு மூன்று பைட்டு எனக் கொண்டால், சுருக்கப்படாத நிலையில் ஒரு படம் 240 மெகாபைட்டு. பத்தாயிரம் படங்கள் 2,400 ஜிகாபைட்டு. இவற்றைப் பல ஊர்களிலிருந்து பெற்று, பல இடங்களில் வைத்து, கேட்போர்க்கெல்லாம் வழங்க வேண்டும்.

இவ்வழங்கலுக்கு உதவும் கருவிகளுள் ஒன்று 'நெட்டி'. ஜாவா மொழியில் அமைந்த இக்கட்டற்ற மென்பொருள் சட்டகம், கொரிய நாட்டு மென்பொருளாளர் டிரஸ்டின் லீ என்பவரால் 2004இல் தொடங்கப்பெற்றது. அதன் நுட்பத்தை நூலகத்தை வைத்து விளக்கலாம். வாசகர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணியாளர், நூல் வரும்வரை அவருகிலேயே நின்றுகொண்டிருந்தால், ஆயிரம் வாசகர்க்கு ஆயிரம் பணியாளர் வேண்டும். எல்லோரிடமும் சீட்டு வாங்கிக்கொண்டு, எவருடைய நூல் வந்ததோ அவரை மட்டும் கவனித்தால் சிலரே போதும். பின்னது நெட்டியின் முறை. பெரிய கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாமல், சிறுசிறு பகுதிகளாக அனுப்பவும் அதில் வழி உண்டு. பெருந்தொகுப்புகளில் தேடப் பயன்படும் 'எலாஸ்டிக்சர்ச்', தரவுகளைப் பல கணிப்பொறிகளில் பகிர்ந்து வைக்கும் 'கசாண்ட்ரா' ஆகியவையும் நெட்டியைப் பயன்படுத்துகின்றன.

ஆயினும் நெட்டி என்பது பாதையே, களஞ்சியம் அன்று. வந்து சேர்ந்தது பிழையற்ற படிதானா எனச் சரிபார்க்கும் கடமை நம்முடையது. அதற்கு 'ஷா-256' போன்ற கணக்கீட்டு முத்திரை உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினும் முத்திரை மாறிவிடும். அனுப்பிய இடத்திலும் சேர்ந்த இடத்திலும் முத்திரையைக் கணித்து ஒப்பிட்டால் பிறழ்ச்சி வெளிப்பட்டுவிடும். ஏடு பார்த்து எழுதியவர்கள் படியை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய முறைமையின் இன்றைய வடிவம் இது.

எழுத்துக் குறியீடும் இன்றியமையாதது. யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. கிரந்த எழுத்துகளோ 2014இல்தான் இடம்பெற்றன. இத்தகைய கல்வெட்டுக்குப் படமும் வேண்டும், பாடமும் வேண்டும். பாடத்தில் பதிப்பாசிரியர் பிழைபட்டால் படம் திருத்தும். படத்தில் தேட இயலாததைப் பாடம் தேடித் தரும்.

கட்டற்ற மென்பொருளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. நிறுவனம் ஒன்றின் பூட்டிய மென்பொருளில் ஆவணங்களை அடைத்தால், அந்நிறுவனம் மறையும் நாளில் திறவுகோலும் மறையும். நெட்டியின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். கற்போர் நலங்கருதிப் பாறையில் திறந்து வைத்த அரசனின் நோக்கத்திற்கு இதுவே அணுக்கமானது.

ஆகவே இந்த மேடையில் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு அழைப்பிதழ்கள், கட்டுரைகள், ஒலிநாடாக்கள் ஆகியவற்றை முதலில் படியெடுப்போம். ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், ஆக்கியோர் ஆகிய விவரங்களைத் தமிழில் எழுதுவோம். மூன்று படிகளாக்கி, அவற்றுள் ஒன்றையேனும் வேற்றூரில் வைப்போம். ஆண்டுதோறும் முத்திரைகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்போம். சிறிய தொகுப்பில் இவ்வொழுங்கு கைவந்தால், சுற்றுவட்டார ஏடுகளையும் பத்திரங்களையும் உரியவர்கள் நம்மை நம்பிக் கொடுப்பார்கள். விசைமிக்க கருவி வேண்டும் அளவுக்குத் தொகுப்பு வளரும்போது, அக்கருவி நமக்காகக் காத்திருக்கும்.

கல்லைச் செதுக்கியவர்க்குப் பொறுமை வேண்டியிருந்தது. காப்பவர்க்கும் அதுவே வேண்டும்.