கல்யாணக் கடன் கேட்டால் பெண்ணின் வயதைக் கேளுங்கள்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறையைத் தடுப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. வழக்கமா இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் நாம தலையாட்டுவோம், டீ குடிப்போம், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிடுவோம். அதனால நான் நம்ம கடன் நோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உள்கடன் நோட்டில் 'கடன் வாங்கும் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மாடு வாங்க, மருத்துவச் செலவு, படிப்புச் செலவு, மகள் திருமணம் என்று எழுதியிருப்போம். ஒரு ஊரில் அப்படி 'மகள் திருமணம்' என்று எழுதிக் கொடுத்த கடனைப் பார்த்தேன். அந்தப் பொண்ணு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பொண்ணு. வயசு பதினைந்து. தீர்மானத்தில் குழுவே கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தக் குழுவில் யாரும் கெட்டவங்க இல்லை. கூட உட்கார்ந்து சேமிக்கிற அக்கா கேட்டா எப்படி இல்லைன்னு சொல்றது என்ற தயக்கம்தான்.

"நாம கொடுக்கலேன்னா வட்டிக்காரங்கிட்டப் போவாங்க மேடம், கல்யாணம் நின்னுடுமா?" என்று ஒரு ஊக்குநர் என்னிடம் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நிற்காமலும் போகலாம். ஆனா பதினைந்து பேர் சேர்ந்து, "பதினெட்டு முடியட்டும், அப்போ கடன் தர்றோம், பந்தல் போட நாங்களும் வர்றோம்" என்று சொன்னா, அந்த அம்மாவுக்கு வீட்டில் பேச ஒரு பிடி கிடைக்குது. "நான் வேண்டாம்னு சொல்லலை, குழுவில் தரமாட்டேங்கறாங்க" என்று மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லலாம். நம்ம வீடுகளில் ஒரு பெண் தன் பேச்சாகச் சொன்னா எடுபடாதது, குழு பேச்சாகச் சொன்னா எடுபடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்டத்தையும் சொல்லிடறேன். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ல் வந்து, 2007 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் 18, ஆணுக்கு 21. கல்யாணத்தை நடத்தி வைக்கிறவங்க, ஏற்பாடு செய்யறவங்க எல்லாருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முன்கூட்டித் தகவல் போனா, நீதிமன்றம் தடை உத்தரவு போட முடியும். அந்தத் தடையை மீறித் தாலி கட்டினா அந்தக் கல்யாணமே செல்லாது. 1098-க்கு போன் போட்டா போதும்.

இந்தக் கல்யாணம் ஏன் வன்முறைக் கணக்கில் வருது? பதினைந்து வயசில் போற பொண்ணுக்குப் படிப்பு இல்லை, கையில் காசு இல்லை, எதிர்த்துப் பேசத் தைரியமும் இல்லை. உடம்பு வளர்றதுக்குள்ள பிரசவம். அடி விழுந்தா எங்கே போகணும்னும் தெரியாது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம்ம தமிழ்நாட்டில் கல்யாணம் ஆன பெண்கள் 100 பேரில் 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவிச்சவங்க. இருபதிலிருந்து இருபத்துநாலு வயசுப் பெண்களில் 100-க்குப் பதின்மூன்று பேர் பதினெட்டுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்க.

பள்ளிக்கூடம்தான் பெரிய வேலி. பொண்ணு ஸ்கூல் போற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவ்வளவா வர்றதில்லை. பத்தாவதில் ஒரு பாடம் போச்சுன்னு வீட்டில் உட்கார்ந்தா, ஒரே மாசத்தில் தரகர் வந்துடறார். அதனால ரிசல்ட் வந்த வாரம் குழுவில் ஒரே ஒரு வேலை செய்யுங்க: எந்த வீட்டுப் பொண்ணு பெயில் ஆச்சு, யார் பதினொன்றாம் வகுப்பில் சேரலைன்னு விசாரிங்க. உடனடித் துணைத்தேர்வு இருக்கு, அந்த வருஷமே எழுதலாம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படிச்சுக் கல்லூரி போற பெண்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் என்று 2022-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கினாங்க. "மேல படிக்க வைக்கக் காசு இல்லை" என்கிறவங்களிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் வேணும். பஸ் வசதி இல்லைன்னா, நாலு பொண்ணுங்க சேர்ந்து சைக்கிளில் போகட்டும். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் படிச்ச பெண்கள், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. கல்குவாரியில் வேலை செஞ்சவங்க, விவசாயக் கூலிகள் எல்லாரும் ஓட்டினாங்க. ஆரம்பத்தில் கேலி செஞ்ச ஊர்தான், பிறகு பழகிப் போச்சு.

அடுத்து நம்ம வீட்டுக்குள்ள நடக்கிறது. நாம குழுவில் வெளிப்படையாப் பேசாத ஒன்று இது: கடனுக்காகவே அடி வாங்குற அக்காமார் நம்மிடையே இருக்காங்க. "குழுவில் லோன் வாங்கிட்டு வா" என்று அடி. வாங்கின பணத்தை வாங்கிட்டுப் போய்க் குடிச்சாச்சு. அப்புறம் தவணை கட்டக் காசு கேட்டா மறுபடியும் அடி. நாமளோ அந்த அக்கா தவணை கட்டலேன்னு கூட்டத்தில் கோவிச்சுக்கறோம். ஒருத்தர் ரெண்டு கூட்டம் தொடர்ந்து வரலேன்னா அபராதம் போடறதுக்கு முன்னாடி, வீட்டுக்குப் போய்ப் பாருங்க. முகத்தில் காயம் இருக்கும்போது எப்படிக் கூட்டத்துக்கு வருவாங்க?

இதுக்கு 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு. 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கு. அடிக்கிறது மட்டும் வன்முறை இல்லை. கேவலமாத் திட்டறது, சம்பளத்தைப் பிடுங்கறது, நகையை எடுத்து விற்கிறது, சோத்துக்குக் காசு கொடுக்காம விடறது எல்லாமே அதில் வருது.

"கேஸ் போட்டா அவரு ஜெயிலுக்குப் போயிடுவாரு, அப்புறம் பிள்ளைங்க என்ன ஆகும்?" என்று பயந்துதான் பலர் வாயைத் திறக்கறதில்லை. இந்தச் சட்டத்தில் முதலில் ஜெயில் இல்லை. அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, செலவுக்குப் பணம் தரணும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். பாதுகாப்பு உத்தரவை மீறினாத்தான் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். வீடு அவர் பேரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. "வெளியே போடி" என்று சொன்னா போக வேண்டிய கட்டாயம் இல்லை. மனுவை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். வக்கீல் வைக்கக் காசில்லேன்னாலும் இலவச சட்ட உதவி உண்டு. பெண்ணுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது. பாதிக்கப்பட்டவங்கதான் போகணும்னு இல்லை, பக்கத்து வீட்டுக்காரங்களோ குழுவோ நல்லெண்ணத்தோடு தகவல் கொடுக்கலாம். அதுக்காக அவங்க மேல் வழக்கு வராது. ராத்திரி நேரம்னா 181.

ஒரே ஒரு விஷயத்தில் பஞ்சாயத்துப் பேச்சே கூடாது. பதினெட்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையிடம் யாராவது தப்பா நடந்தா, ஊர்ப் பெரியவங்க பேசி முடிக்கிற சமாச்சாரம் அது இல்லை. 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிஞ்சும் போலீஸுக்குச் சொல்லாம இருக்கிறதே குற்றம். அந்தப் பிள்ளை பேரையும் வெளியே சொல்லக் கூடாது.

"பேசினா மாறுமா?" என்று கேட்பீங்க. நம்ம சுய உதவிக் குழுக்கள் 1989-ல் பிறந்த இடம் தர்மபுரி மாவட்டம். பெண் சிசுக்கொலைக்கும் அதே மாவட்டம்தான் பேர் வாங்கியிருந்தது. அங்கே 1998-ல் ஊர் ஊராகக் கலைஜாதா போட்டாங்க. 2001 கணக்கெடுப்பில் அங்கே ஆறு வயசு வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 2011-ல் அது 900-ஐத் தாண்டிடுச்சு. நாடகம் மட்டுமே மாத்திடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். தொட்டில் குழந்தைத் திட்டம், ஸ்கேன் சென்டர் கண்காணிப்பு, போலீஸ் வழக்கு எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா வீட்டுக்குள்ள மூடி வைச்ச விஷயத்தை ஊர் நடுவில் பேச வைச்சது கலைஜாதா. நம்ம கூட்டமைப்பிலும் பாடத் தெரிஞ்சவங்க, நடிக்கத் தெரிஞ்சவங்க எத்தனையோ பேர். மாரியம்மன் திருவிழா சமயத்தில் ஆண்களும் கூடியிருக்கும்போது போடணும். நமக்கு நாமே போட்டுக்கிட்டா பிரயோசனம் இல்லை.

பையன்களையும் விட்டுடாதீங்க. அக்கா தட்டு கழுவ, தம்பி டிவி பார்க்கிற வீட்டில்தான் நாளைக்கு மனைவியை அதட்டுற ஆள் வளர்றான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டைக் கொண்டு வாங்க. கல்யாணக் கடன் மனுவோடு பெண்ணின் பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ வைக்கணும் என்று தீர்மானம் போட்ட குழுக்களின் பேரை அங்கேயே வாசிப்போம். போட முடியாத குழுக்கள், யார் தடுத்தாங்க, என்ன சொல்லித் தடுத்தாங்கன்னு அன்றைக்கே சொல்லுங்க. அதை வைச்சு எல்லாரும் பேசுவோம்.