குளிர்காலத்தில் கைக்குழந்தையின் படுக்கை

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேறுகாலத்திற்குப் பெண் தாய்வீடு செல்வாள். தஞ்சையிலோ நெல்லையிலோ பிறந்த குழந்தை, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, தாயின் மடியில் இரயிலேறித் தில்லி வந்து சேரும். அவ்வரவு மார்கழியில் அமைந்துவிட்டால், அதுவரை ஒரு மெல்லிய துணிக்குமேல் அறியாத அக்குழந்தை, சில இரவுகளில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும் குளிரை எதிர்கொள்ள வேண்டியதாகிறது. அருகில் பாட்டி இல்லை. இளந்தாயும் அவள் கணவனும் அண்டை வீட்டாரின் அன்பான யோசனைகளுமே உண்டு. குழந்தையை எதில் கிடத்துவது, எதனால் போர்த்துவது என்னும் கேள்வி முதல் இரவிலேயே எழுந்துவிடுகிறது.

‘நர்சரி’ என்ற சொல்லைக் கண்டால் ‘நாற்றங்கால்’ என்று எழுதிப் பழகிய மொழிபெயர்ப்பாளன் நான். மேல்நாட்டு இல்லங்களில் அது குழந்தைக்கென ஒதுக்கிய தனியறையையும் குறிக்கும். நம்முடைய இரண்டறைக் குடியிருப்புகளில் அதற்கு இடமில்லை. அதனால் நட்டமும் இல்லை. முதல் ஆறு மாதங்களேனும் குழந்தை பெற்றோர் உறங்கும் அறையிலேயே உறங்க வேண்டும். ஆனால் தனிப்படுக்கையில் உறங்க வேண்டும் என்பதே இன்று மேல்நாட்டு மருத்துவர்களும் கூறும் அறிவுரை.

அப்படுக்கை எத்தகையதாக இருக்க வேண்டும்? உறுதியாக, சமதளமாக, வெறுமையாக இருக்க வேண்டும். வெறுமை என்றால் தலையணையோ, பக்கத் திண்டோ, துணிப்பொம்மையோ, தளர்ந்த போர்வையோ இல்லாமை. சில மாதக் குழந்தையின் முகம் மெத்தென்ற ஒன்றில் புதைந்துவிட்டால், அதை விலக்கிக்கொள்ளும் வலிமை அதற்கில்லை; பல வேளைகளில் அழக்கூட முடிவதில்லை. வடநாட்டில் தலை உருண்டையாக அமைவதற்கென்று கடுகு நிரப்பிய சிறு தலையணை வைப்பார்கள். அன்புடன் தரும் அதனை மறுக்க வேண்டியதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு, உறங்கும் குழந்தையின் தலைக்கடியில் வைக்காமல் இருந்தால் போதும். பின்தலை தட்டையாகிவிடும் என்ற அச்சத்திற்கு வேறு பரிகாரம் உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது, நாம் அருகிலிருந்து, அதைச் சற்றுநேரம் குப்புறக் கிடத்தலாம்.

உறங்கும்போது மட்டும் மல்லாந்தே கிடத்த வேண்டும். இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு மேல்நாடுகள் பலவற்றில் குழந்தையைக் குப்புறக் கிடத்துவதே நலம் என்று போதித்து வந்தார்கள். உறக்கத்தில் காரணம் புலப்படாமல் குழந்தைகள் இறப்பதை ஆராய்ந்தபின், பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாந்து கிடத்துமாறு பெரும் பிரசாரம் நடைபெற்றது. அதைத் தொடர்ந்து அவ்விறப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடாதா என்று தாய்மார்கள் வினவுவார்கள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் அதன் கீழேயும் அமைந்திருக்கின்றன. ஆகவே மேலெழும் பால், தாழ்ந்திருக்கும் உணவுக்குழலுக்கே திரும்பும். குப்புறப் படுத்தால்தான் இந்த அமைப்பு தலைகீழாகிறது.

கட்டிலைப் பற்றிச் சில சொற்கள். நாற்புறமும் சட்டங்கள் அடைத்த சிறு கட்டிலைக் கடைக்காரர்கள் ‘பேபி காட்’ என்கிறார்கள். நம் குடியிருப்புகளில் இதைப் புதிதாக வாங்குவோர் குறைவு. மாற்றலாகிச் செல்லும் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்க, ஒரே கட்டில் நாலைந்து குழந்தைகளை வளர்த்துவிடும். அத்தகைய கட்டிலை ஏற்குமுன் ஓர் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டங்களுக்கிடையே 6 சென்டிமீட்டருக்குமேல் இடைவெளி கூடாது. மிகுந்தால் உடல் நழுவி வெளியேறித் தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்திற்கும் நடுவே இரண்டு விரல் நுழையுமானால் அம்மெத்தை அக்கட்டிலுக்கு உரியதன்று. பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும்படி அமைந்த பழைய கட்டிலாயின் வேண்டாமென்றே சொல்லிவிடலாம். பூட்டுக் கழன்று குழந்தைகள் இடுக்கில் சிக்கியமையால், 2011-இல் அமெரிக்கா அவ்வகையின் விற்பனையையே தடைசெய்தது. பழைய வண்ணப்பூச்சையும் கவனிக்க வேண்டும். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது அந்தச் சட்டத்தைத்தான்.

கட்டில் இல்லாவிடில் குறையொன்றுமில்லை. கெட்டியான தேங்காய்நார் மெத்தையொன்றைத் தரையில் விரித்து, இறுக மடித்துச் செருகிய ஒரு விரிப்பு மட்டும் இட்டாலே போதுமானது. இலவம்பஞ்சு மெத்தை குழியும். கயிற்றுக்கட்டில் நடுவே தொய்யும். இரண்டும் பெரியவர்களுக்கே ஆகும்.

இனி, குளிர். தில்லியில் முதலில் நீளும் அன்புக்கரம் ரஜாயோடுதான் வரும். தடித்த அந்தப் பஞ்சுப் போர்வைக்கடியில், பெற்றோர் இருவருக்கும் நடுவே குழந்தையைக் கிடத்துவது கதகதப்பாகத் தோன்றும். நள்ளிரவில் அது குழந்தையின் முகத்தின்மேல் ஏறிவிடின் அறிபவர் யார்? போர்வையை விட உடையை நம்புவது மேல். நாம் அணிவதற்கு மேலாக ஓர் அடுக்குப் போதும். கழுத்தும் கைத்துவாரமும் அளவாக அமைந்து, கால்பக்கம் பைபோல் மூடிய உறக்க உடை கடைகளில் கிடைக்கிறது. தையற்காரரும் தைத்துத் தருவார். குளிர்கிறதா என்று அறியக் கையைத் தொடாதீர்கள். கைக்குழந்தையின் கை எப்போதும் சில்லென்றிருக்கும். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். கம்பளிக் குல்லாய் வெளியே செல்லும்போது அவசியம். உறக்கத்தில் அது நழுவி மூக்கை மூடக்கூடும்.

மூடிய அறையில் அங்கீட்டி எனும் கரியடுப்பை ஒருபோதும் வைக்கலாகாது. அதிலிருந்து எழும் நச்சுக்காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காலந்தோறும் அது குடும்பம் குடும்பமாகக் கொன்றிருப்பதை நாளிதழ்களில் காண்கிறோம். மின்சூடேற்றியாயின், படுக்குமுன் அறையைச் சூடாக்கிவிட்டு அணைத்துவிடலாம்.

தூளியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் ஊரிலிருந்து வரும் பாட்டிமார் என்னை மன்னிக்கமாட்டார்கள். அழும் குழந்தையை அமர்த்துவதற்குச் சேலைத் தூளிக்கு நிகரில்லை என்பதை நானும் ஒப்புகிறேன். ஆயினும் அதில் கிடக்கும் குழந்தையின் முதுகு வளைந்து, முகவாய் நெஞ்சில் படிகிறது. சின்னஞ்சிறு மூச்சுக்குழல் அப்போது மடங்கிக் குறுகும். இருபுறத் துணியும் முகத்தை நெருங்கும். ஆகவே ஒருவர் கண்பார்வையில் ஆட்டி, உறங்கியதும் எடுத்துப் படுக்கையில் மல்லாத்திவிடுவது நன்று. இரவு முழுவதும் அதிலேயே விடுவது நன்றன்று. மின்விசிறிக் கொக்கியில் விசிறியோடு சேர்த்துக் கட்டும் வழக்கமும் வேண்டாம். நாலைந்து மாதத்தில் குழந்தை புரளத் தொடங்கிவிட்டால் தூளியின் காலம் முடிந்தது. அதற்கு முன்னரும், ஒவ்வொரு முறை குழந்தையை எடுத்தபின் சேலையைக் கொக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். தொங்கும் தூளியில் மூத்த குழந்தைகள் ஊஞ்சலாடுவார்கள். முறுக்கிச் சுழற்றி விளையாடுவார்கள். அந்த முறுக்குக் கழுத்தில் விழுந்து உயிரிழந்த சிறுவர் நம் நாட்டில் உண்டு.