மூக்கும் முழங்காலும்



பறவை வேட்டைக்கு நாயைத் தெரிவு செய்வது பற்றி ஒரு தமிழாசிரியன் பேச வருவது வேடிக்கையாயிருக்கலாம். நான் துப்பாக்கி தூக்கியவனல்லன். நான் அறிந்த வேட்டைநாய்கள் ருஷ்யக் கதைகளில் ஓடியவையே.

இந்த நாய் துரத்திப் பிடிப்பதன்று. காற்றுக்கு எதிர்முகமாகக் குறுக்கும் மறுக்கும் ஓடித் தேடும். பறவையின் மணம் பட்டதும் அப்படியே நின்றுவிடும். எசமான் வந்து ஏவும்வரை அசையலாகாது. சுட்டு வீழ்த்திய பறவையைப் பல் அழுந்தாமல் கௌவி வரவேண்டும். குட்டியின்முன் நூலில் இறகு கட்டி ஆட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. குட்டி அசையாது நிற்கும். ஆனால் அங்கே வேலை செய்வது கண், மூக்கன்று. மூக்கை வயலிலேதான் சோதிக்கலாம். இங்கிலாந்தின் சவுத்ஹில்லில் 1865ஆம் ஆண்டே இதற்கெனப் போட்டி நடத்திப் பார்த்தார்கள்.

துர்க்கனேவின் 'வேட்டைக்காரனின் குறிப்புகள்' 1852இல் நூலாக வந்தது. அதில் வரும் எர்மொலாய் தன் நாய் வலேத்காவுக்கு உணவே போடுவதில்லை. நாய் கெட்டிக்காரப் பிராணி, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவன் வாதம். மெலிந்து எலும்பாய்ப் போன அந்த நாய்க்கு நல்ல மோப்பம். ஆனால் காயப்பட்ட முயல் எதுவும் அகப்பட்டால், எசமானுக்கு எட்டாத தூரத்தில் புதர் நிழலில் வைத்து எலும்புகூட மிஞ்சாமல் தின்றுவிடும். எர்மொலாய் தெரிந்த வசையெல்லாம் பொழிவான். அவனிடம் கேட்டால் நாயின் வாய் பொல்லாதது என்பான். குறையை யார் கணக்கில் எழுதுவது?

ரோல்ஸ்ரோயின் 'அன்னா கரீனினா'விலே, ஆறாம் பாகத்தில், லெவின் விடியற்காலை தன் நாய் லாஸ்காவுடன் சதுப்பு நிலத்தில் உள்ளான் சுடப் போகிறான். ரோல்ஸ்ரோய் அந்த நாயின் மனத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறார். லாஸ்கா மணத்தைப் பிடித்துவிட்டது. பறவை எங்கே என்று வட்டமிட்டுத் தேடத் தொடங்குகிறது. அந்நேரம் லெவின் வேறொரு பக்கத்தைக் காட்டிக் கூப்பிடுகிறான். தொடங்கிய இடத்திலேயே தேடட்டுமா என்று கேட்பதுபோல் அது நிற்க, அவன் கோபமாக மறுபடி ஏவுகிறான். அங்கே ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரியும். ஆயினும் அவனுடைய திருப்திக்காகப் போய்த் தேடுவதாகப் பாவனை செய்துவிட்டுத் திரும்புகிறது. கரும்பலகையின் முன் நிற்கும் என் போன்றோருக்கு இந்த இடம் சற்று உறைக்கும்.

பின்பு லாஸ்கா கண்டுபிடித்து நிற்கிறது. லெவின் நெருங்கிவந்து பறவையைக் கிளப்பும்படி ஏவுகிறான். அதற்கோ தயக்கம்: நிற்குமிடத்தில் மணம் தெளிவாயிருக்கிறது, முன்னே நகர்ந்தால் ஒன்றும் விளங்காமற் போகுமே! அவன் பொறுமையிழந்து முழங்காலால் தள்ளுகிறான். நீர் சொன்னால் செய்கிறேன், இனி நான் பொறுப்பில்லை என்ற எண்ணத்தோடு லாஸ்கா பாய்கிறது. பாய்ந்தபின் அதற்கு எதுவுமே புலப்படவில்லை. ஆனால் உள்ளான் எழுந்துவிட்டது, லெவின் சுடுகிறான். பறவை ஈரப் புல்லில் விழுகிறது.

அன்றைய வேட்டையின் பெருமையெல்லாம் லெவினுக்கே போயிற்று.