அமிலமும் அறுவையும்

குடற்புண் ஆறுவதற்காக இரைப்பையின் பெரும்பகுதியையே வெட்டியகற்றிய காலம் ஒன்றுண்டு. அமிலம் சுரக்கும் இடம் குறைந்தது. உண்ணும் அளவும் உடன் குறைந்தது. 1943-இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் என்பார், மூளையினின்று இறங்கி அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுத்தார். நரம்பறுந்த இரைப்பையோ உணவைக் கீழே தள்ளாது தேக்கிக்கொண்டது! அதற்கெனத் தனி வழி அமைக்க வேண்டியதாயிற்று. பின்வந்தோர் அமிலப் பகுதிக்குரிய கிளைகளை மட்டும் தேர்ந்தறுத்தனர். அந்நுட்பத்தை இன்றும் வியக்கிறோம். அது கைவந்த வேளையிலேயே மருந்துகள் வந்தன. 1982-இல் வாரனும் மார்ஷலும் புண்ணுக்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தனர். இன்று இவ்வறுவை அரிது. ஆயினும் அன்று இரைப்பை குறைக்கப்பட்ட மூத்தோர் நம்மிடையே உளர். அவர்கட்கு இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறையக்கூடும். சோர்வை முதுமையென்று விட்டுவிடாது, அப்பழந்தழும்பை மருத்துவரிடம் காட்ட வேண்டுகிறோம்.