காய்ச்சல் தணிந்த பின் வரும் அபாயம்



டிங்கிக் காய்ச்சல் தணிந்த மறுநாளே பால்வெட்டுக்குப் புறப்படுவோர் நம்மிடையே உளர். உண்மையில் அபாயம் தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான்.

1962ஆம் ஆண்டில் பினாங்கில் இரத்தக்கசிவு டிங்கி கண்டறியப்பட்டது. டிங்கிக் கிருமிகள் நான்கு வகைப்படும். ஒரு வகை தாக்கியவருக்கு அவ்வகை மீண்டும் வருவதரிது. வேறொரு வகை தாக்கினாலோ, முன்பு உண்டான எதிர்ப்புப் பொருள் அதனை அழிக்கமாட்டாமல், வெள்ளை அணுக்களுக்குள் அது நுழையத் துணைபோவதுண்டு. காவற்காரனே திருடனுக்குக் கதவு திறந்தாற்போல! கிருமி பெருகவே, உடலின் தற்காப்பு அணுக்கள் மிதமிஞ்சிச் சுரக்கும் இரசாயனப் பொருள்களால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிகின்றன. கிருமி வெளிவிடும் புரதமும் அக்குழாய்களைச் சிதைக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சறையிலும் தேங்க, எஞ்சிய இரத்தம் கெட்டியாகி, நாடி தளர்கிறது.

காய்ச்சல் இறங்குவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அவ்வேளையில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் நோயாளியை உடனே மருத்துவமனையிற் சேர்ப்பியுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கலாகாது, அது இரத்தப்போக்கை மிகுவிக்கும். கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் தானே நின்றுவிடும். அதுவரை அளவறிந்து நீரேற்றி உயிரைத் தாங்குவதே மருத்துவர் செய்யும் சிகிச்சை.